பாலின் நுரையும் நம் வீட்டுக் குவளைகளும்



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து முஸ்லிம் இல்லங்கள் சிலவற்றில் அண்மைக் காலமாக ஒரு புதிய பொருள் இடம் பிடித்து வருகிறது. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் மகனோ மருமகனோ அதைக் கொண்டு வருகிறார். தொழிற்பேட்டையை ஒட்டிய கணினி நிறுவனங்களில் பணிபுரியும் இளைஞர்கள் மாதத் தவணையில் வாங்குகிறார்கள். எஸ்பிரெசோ காபி இயந்திரத்தைத்தான் சொல்கிறோம். ஒருபுறம் காபித் தூளிலிருந்து கெட்டியான சாற்றை அழுத்தத்தால் பிழிந்து தருகிறது. மறுபுறம் ஒரு மெல்லிய குழல் வழியே நீராவியைச் சீறிப் பாய்ச்சிப் பாலை நுரைக்க வைக்கிறது.

நம் வீட்டுக்கும் ஒன்று வந்தது. நம் மைத்துனர் துபாயிலிருந்து திரும்பியபோது அன்பளிப்பாகத் தந்தார். ‘டபராவும் டம்ளரும் இருக்க இது எதற்கு?’ என்று முதலில் நாம் முகம் சுளித்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் ஓராண்டாக அதனோடு பழகியதில், பாலைப் பற்றியும் நம்மைப் பற்றியும் சிலவற்றை அறிந்துகொண்டோம். அவற்றைப் பகிர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காபியே ஒரு காலத்தில் புதுமைதான்

இவ்வியந்திரத்தைக் கண்டதும் ‘இது வீண் ஆடம்பரம், மார்க்கத்துக்கு உகந்ததன்று’ என்று உடனே தீர்ப்புச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறோம்.

கஹ்வா எனும் பானத்தை 15ஆம் நூற்றாண்டில் பரவலாக்கியவர்கள் யமன் நாட்டு சூஃபிகள். இரவு நேர திக்ருகளில் உறக்கம் மேலிடாதிருக்க அவர்கள் அதை அருந்தினார்கள். கி.பி. 1511இல், அதாவது ஹிஜ்ரி 917இல், மக்காவில் பொறுப்பிலிருந்த காயிர் பேக் என்பவர் அறிஞர்களைக் கூட்டிக் காபிக்குத் தடை விதித்தார். மக்கள் கூடிப் பேசும் இடங்களில் அது பருகப்பட்டதும், அது மதிமயக்கும் பானம் என்ற ஐயமும் அதற்குக் காரணங்கள். ஆனால் கெய்ரோவிலிருந்த ஆட்சி அந்தத் தடையைத் தளர்த்தியது. பின்னாளில் உலமாக்களின் பெரும்பான்மையினர் காபியை ஆகுமானது என்றே கண்டார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஹஜ்ஜை முடித்துத் திரும்பிய பாபா புதன் எனும் பெரியார், யமனிலிருந்து 7 காபி விதைகளைக் கொணர்ந்து இன்றைய சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்பது செவிவழி வரலாறு. தென்னகத்தார் இன்று பெருமையோடு அருந்தும் ஃபில்டர் காபிக்குப் பின்னால் ஒரு ஹாஜியின் பயணம் இருப்பதாகவே நம்பப்படுகிறது.

எனவே பொருள் புதிது என்பதற்காக மட்டும் அதை வெறுக்க வேண்டியதில்லை. நுரையும் நமக்குப் புதிதன்று. நம் தேநீர்க் கடை மாஸ்டர்கள் கையை உயர்த்தி ஆற்றும்போது எழுவதும் நுரைதான். ஆற்றுவதில் பால் காற்றோடு கலக்கிறது. இயந்திரத்தில் காற்று பாலுக்குள் செலுத்தப்படுகிறது. வேறுபாடு அவ்வளவே. ஒரு பொருள் வீட்டுக்குள் வந்த பின் அங்கு என்ன செய்கிறது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

பாலை அறிதல்

சாணத்துக்கும் இரத்தத்துக்கும் இடையிலிருந்து தூய்மையான, அருந்துவோர்க்கு இனிமையான பாலை அளிப்பதாக இறைவன் தன் திருமறையில் (16:66) சுட்டிக்காட்டுகிறான். அதைச் சிந்தனைக்குரிய படிப்பினை என்றும் சொல்கிறான். அத்தகைய அருட்கொடையைக் கையாளும்போது அறிவோடு கையாள்வது நம் கடமை. ஆனால் முதல் சில நாள்கள் நாம் செய்ததெல்லாம் பிழை. குழலின் முனையைப் பாலின் அடியில் ஆழ்த்தினோம். பால் கொதித்ததே தவிர நுரைக்கவில்லை. மேலே தூக்கினோம், மேடை முழுதும் பால் சிதறியது. எழுந்த நுரையும் சோப்பு நுரைபோல் பெருங்குமிழிகளாக இருந்து, கோப்பையில் ஊற்றுவதற்குள் அடங்கிவிட்டது.

பிறகு பொறுமையோடு கற்றுக்கொண்டோம். பால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு இருக்க வேண்டும். எவர்சில்வர் ஜக்கில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது. பால் பொங்கி உயர இடம் வேண்டும். குழலைப் பாலில் இடுமுன் ஒருமுறை திறந்து, அதில் தங்கிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். பின் முனை பாலின் மேற்பரப்புக்குச் சற்றே கீழே நிற்கும்படி பிடித்தால், தாளை மெல்லக் கிழிப்பது போன்ற ஓசை எழும். காற்று உள்ளே போகிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஜக்கைத் தொடும் கை நம் உடல் சூட்டை உணரும் வரை, அதாவது சில வினாடிகள் மட்டும், இவ்வாறு செய்தால் போதும். அதன்பின் முனையை இன்னும் சிறிது ஆழ்த்தி, ஜக்கை லேசாகச் சாய்த்தால் பால் சுழலத் தொடங்கும். அச்சுழற்சியில் பெருங்குமிழிகள் உடைந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழிகளாகிப் பாலோடு கலந்துவிடும். உள்ளங்கை தாங்க இயலாத சூடு, ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ், வந்ததும் நிறுத்திவிட வேண்டும். 70 டிகிரியைத் தாண்டினால் பாலின் இயல்பான இனிமை குன்றி, காய்ந்த வாடை வந்துவிடும், நுரையும் நிலைக்காது. முடிந்த கணமே குழலை ஈரத் துணியால் துடைத்து, மீண்டும் ஒருமுறை ஆவியைத் திறந்துவிட வேண்டும். இல்லையேல் குழலுக்குள் ஏறிய பால் காய்ந்து கெட்டுவிடும்.

காற்றுக் குமிழிகளைச் சூழ்ந்து உடையாமல் காப்பது பாலில் உள்ள புரதம். வழவழப்பையும் சுவையையும் தருவது கொழுப்பு. ஆவின் நீல நிறப் பாக்கெட்டில் கொழுப்பு 3 விழுக்காடு. அது எளிதாக நுரைக்கும், ஆனால் நுரை சற்று வறண்டிருக்கும். ஆரஞ்சு நிறப் பாக்கெட்டில் 6 விழுக்காடு. நுரை குறைவாயினும் பட்டுப்போல் இருக்கும்.

தாய்மார்கள் கேட்பது வேறொரு கேள்வி: ‘காய்ச்சாத பாலை அப்படியே சூடாக்கிக் குடிக்கலாமா?’ பாக்கெட் பால் பண்ணையிலேயே பாஸ்டரைஸ் செய்யப்பட்டு வருவது. மாட்டுக் கொட்டிலிலிருந்து கறந்து வரும் பாலைக் கட்டாயம் காய்ச்ச வேண்டும். 60 டிகிரி ஆவிச் சூடு அதற்குப் போதாது. எந்தப் பாலாயினும் மனம் ஒப்பவில்லையெனில் முதல்நாளே காய்ச்சி, ஆறியபின் ஆடையை எடுத்துவிட்டு, ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் பயன்படுத்தலாம். நம் வீட்டில் அதுவே வழக்கம். நன்றாகவே நுரைக்கிறது.

மாணவர்கள் கேட்ட இரு வினாக்கள்

இச்செய்தி மதரஸா வகுப்பில் ஒருநாள் பேச்சுவாக்கில் வெளிப்பட்டபோது மாணவர் ஒருவர் எழுந்து, “ஹஜ்ரத், பானத்தில் ஊதக் கூடாது என்று ஹதீஸ் இருக்கிறதே, அந்தக் குழல் ஊதுகிறதே?” என்றார். வகுப்பே சிரித்தது. வினா நல்ல வினாதான். அருந்தும் பாத்திரத்தில் மூச்சு விடுவதையும் ஊதுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பது மனிதனின் மூச்சும் உமிழ்நீரும் பிறர் அருந்தும் பானத்தில் படாதிருக்க என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். தூய நீரின் ஆவி அதில் சேராது. ஆனால் ஆறட்டும் என்று கோப்பையில் நாமே ஊதுகிறோமே, அது சேரும்.

மற்றொருவர், “ஆவி குளிர்ந்தால் நீர்தானே? அப்படியானால் பாலில் நீர் கலக்கிறதே?” என்றார். உண்மைதான். 100 மில்லி பாலை இவ்வாறு சூடாக்கினால் ஏறத்தாழ 10 மில்லி நீர் அதில் சேர்ந்துவிடும். விற்பனையில் ஏமாற்றுவதற்காகக் கலப்பதுதான் விலக்கப்பட்டது. அருந்துவதற்காகப் பாலில் நீர் கலப்பது நபி (ஸல்) அவர்கள் காலத்து வழக்கமே. அதே அளவுகோலின்படி, காபிக் கடை நடத்தும் நம் சகோதரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோப்பையில் பாதியை நுரையால் நிரப்பி முழுப் பாலுக்கான விலையை வாங்குவது, அளவில் குறைப்போரை எச்சரிக்கும் 83ஆம் அத்தியாயத்தின் எல்லைக்குள் நம்மைக் கொண்டு நிறுத்திவிடக் கூடும்.

வீண்விரயம் பற்றியும் ஒரு சொல். இருவருக்குத் தேவையான பாலை மட்டும் ஜக்கில் ஊற்றுங்கள். ஒருமுறை சூடாக்கிய பால் இரண்டாம் முறை நன்கு நுரைக்காது என்பதால் மீதியைத் தொட்டியில் கொட்டிவிடும் பழக்கம் பல வீடுகளில் வந்துவிட்டது. விடியுமுன்னே வாசலில் வந்து விழும் ஒவ்வொரு பாக்கெட்டுக்குப் பின்னும் எத்தனையோ பேரின் உழைப்பு இருக்கிறது. மீந்த பால் தேநீருக்கு ஆகும், பாயசத்துக்கு ஆகும். பால் அருந்திய பின் வாய் கொப்பளித்துவிட்டுத் தொழச் செல்லும் நபிவழியையும் மறந்துவிட வேண்டாம்.

ஒரு குழந்தையின் வினா

மாணவர்களின் வினாக்களுக்கு விடை சொல்லிவிட்டோம். ஆனால் நம் வீட்டிலேயே கேட்கப்பட்ட ஒரு வினாவுக்கு நம்மிடம் விடை இருக்கவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அதுவே.

இயந்திரத்தோடு ஆறு பீங்கான் கோப்பைகளையும் வாங்கியிருந்தோம். பத்து வயது மகள் அவற்றில் நுரை ஊற்றி, மேலே இலைபோல் கோலமிடவும் கற்றுக்கொண்டாள். வருவோர்க்கெல்லாம் அதில்தான் உபசரிப்பு. பாத்திரம் துலக்க வரும் சகோதரிக்கு மட்டும், நம் தாயார் காலத்திலிருந்து வந்த வழக்கப்படி, கழுவும் தொட்டியின் மேலே தனியாகக் கவிழ்த்து வைத்த ஓர் எவர்சில்வர் டம்ளரில், காலையில் போட்டு மீந்த காபி. ஒருநாள் மகள் கேட்டாள்: “அத்தா, இந்த ஜக்கையும் கப்பையும் தினமும் அக்காதானே கழுவுறாங்க? அவங்களுக்கு மட்டும் ஏன் தனி டம்ளர்?”

‘வழக்கம்’ என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டோம். நாம் வகுப்பில் கற்பிக்கும் தொடக்கநிலை ஃபிக்ஹ் நூல்களில், தண்ணீர் பற்றிய பாடத்திலேயே ஒரு சட்டம் வருகிறது. மனிதர் அருந்திய மீதி நீர் தூய்மையானது. அவர் முஸ்லிமாயினும் அல்லாதவராயினும் சரியே. எத்தனையோ ஆண்டுகளாக இதை மாணவர்களுக்கு ஒப்புவிக்கச் சொல்லி வருகிறோம். நபித்தோழர்கள் ஒரு பயணத்தில் தாகமுற்றபோது, இணைவைப்பாளரான ஒரு பெண்மணியின் தோல்பையிலிருந்த நீரையே அருந்தினார்கள் என்ற செய்தியையும் கற்பிக்கிறோம். கற்பித்துவிட்டு வீடு திரும்பினால், தொட்டிக்கு மேலே அந்த டம்ளர் இருக்கிறது.

தமிழ்நாட்டின் பல ஊர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை இருந்ததை நாம் அறிவோம். ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனிக் குவளை வைத்த அக்கொடுமையைச் சுட்டிக்காட்டி, ‘இஸ்லாத்தில் இது இல்லை’ என்று மேடைகளில் பெருமையோடு பேசுகிறோம். ஒரே தட்டில் அமர்ந்து உண்ணும் சஹன் வழக்கத்தைச் சொல்லிக் காட்டுகிறோம். ஆனால் நம் சமையலறைகளில் ஓசையின்றி ஓர் இரட்டைக் குவளை முறை நடந்து வருகிறதே, அதை யார் பேசுவது? பழைய டம்ளர்களின் காலத்தில் அது கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. வெண்ணிறப் பீங்கான் கோப்பைகள் வந்ததும் வேறுபாடு பளிச்சென்று தெரிந்துவிட்டது. அந்த வகையில் இயந்திரத்துக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பால் பகிர்ந்த நபிவழி

பாலைப் பற்றிய நபிமொழிகளில் சில அதை எப்படி அருந்துவது என்பதோடு நிற்பதில்லை. யாருக்கு, எந்த வரிசையில் கொடுப்பது என்பதையும் சொல்கின்றன.

அபூஹுரைரா (ரலி) அவர்கள் பசியால் வாடியிருந்த நாளில் நபி (ஸல்) அவர்களுக்கு ஒரு கிண்ணம் பால் அன்பளிப்பாக வந்தது. ‘திண்ணைத் தோழர்களை அழைத்து வாருங்கள்’ என்றார்கள். இருப்பது ஒரு கிண்ணம், வருவோர் பலர், நமக்கு என்ன மிஞ்சும் என்று அபூஹுரைரா (ரலி) கவலைப்பட்டார்கள். ஆயினும் ஏவலை ஏற்று, ஒவ்வொருவருக்கும் தம் கையால் கொடுத்தார்கள். ஒருவர் வயிறார அருந்தித் தர, அதே கிண்ணம் அடுத்தவருக்குச் சென்றது. பிறகு அபூஹுரைராவை அமரச் செய்து, இனி இடமில்லை என்று சொல்லும் வரை அருந்தச் செய்தார்கள். எல்லாருக்கும் பின், எஞ்சியதை நபி (ஸல்) அவர்கள் அருந்தினார்கள். ஸஹீஹுல் புகாரியில் இச்செய்தி விரிவாக உள்ளது. கிண்ணம் ஒன்றே. வீடு வாசலற்ற ஏழைகள் முதலில், இறைத்தூதர் இறுதியில்.

அனஸ் (ரலி) அவர்கள் வீட்டில் நபியவர்களுக்கு நீர் கலந்த பால் வழங்கப்பட்டபோது, இடப்பக்கம் அபூபக்கர் (ரலி) அவர்களும் வலப்பக்கம் ஒரு கிராமவாசியும் அமர்ந்திருந்தார்கள். தாம் அருந்திய மீதியை வலப்பக்கம் இருந்த கிராமவாசிக்கே நபியவர்கள் கொடுத்தார்கள். தகுதி பார்த்திருந்தால் அபூபக்கரை முந்த யாருண்டு?

இன்னொரு நபிமொழி இவ்விஷயத்தில் நேரடியானது. பணியாளர் உணவு சமைத்துக் கொண்டுவந்தால் அவரை உடன் அமர்த்துங்கள், இயலாவிடில் ஓரிரு கவளமேனும் அதிலிருந்து கொடுங்கள்; ஏனெனில் அதன் வெப்பத்தைத் தாங்கியவர் அவரே என்பது அதன் கருத்து. ‘அதிலிருந்து’ கொடுக்கச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். மீந்துபோன வேறொன்றை அன்று.

நடந்தது என்ன?

மறுநாள் நாமே பால் நுரைத்து, பீங்கான் கோப்பையில் ஊற்றி அந்தச் சகோதரியிடம் நீட்டினோம். பெரிய நற்செயல் புரிந்துவிட்ட எண்ணம் நமக்குள் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் தயங்கினார். “அந்த டம்ளர்லயே ஊத்துங்க ஐயா, அதே போதும்” என்றார். நம் இல்லாள் அவரை நாற்காலியில் அமரச் செய்து, தாமும் அருகில் அமர்ந்துகொண்டார். ஒரு வாய் குடித்துவிட்டு அவர் சொன்னது: “சூடே இல்லையேம்மா. சக்கரையும் பத்தல.”

நாம் பாடுபட்டுக் கற்ற 60 டிகிரி நுரைப் பால் அவருக்குப் பிடிக்கவில்லை. விடியலிலிருந்து நான்கு வீடுகளில் நின்று வேலை செய்பவருக்கு, கொதிக்கக் கொதிக்க, இனிப்பு தூக்கலான காபிதான் வேண்டும். இத்தனை ஆண்டுகளில் ‘உங்களுக்கு எப்படி வேண்டும்?’ என்று அவரிடம் ஒருமுறையும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இப்போது அவருக்கு அடுப்பில் காய்ச்சிய பாலில் புதிதாகப் போட்ட காபி, எல்லாருக்கும் உள்ள கோப்பையில், எல்லாரும் அமரும் இடத்தில். தனி டம்ளர் மற்றப் பாத்திரங்களோடு சேர்ந்துவிட்டது.

ஆகவே இதைப் படிக்கும் குடும்பத்தாரிடம் நாம் வேண்டுவது சிலவே. உங்கள் சமையலறையில் யாருக்கேனும் தனிக் குவளை இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்; இருந்தால் பிள்ளைகள் காணும்படி அதை மற்றவற்றோடு சேருங்கள். பாத்திரம் துலக்குபவர், குப்பை எடுப்பவர், தண்ணீர்க் கேன் சுமந்து வருபவர் ஆகியோரிடம் அவர்கள் விரும்புவதைக் கேட்டுக் கொடுங்கள். ஆண்கள் தாம் பயன்படுத்திய ஜக்கையும் குழலையும் தாமே கழுவுங்கள். நபி (ஸல்) அவர்கள் இல்லத்தில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் துணை நின்றார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். இயந்திரம் இல்லாத வீட்டாருக்கும் இவை அத்தனையும் பொருந்தும்.

திருமறையின் 13ஆம் அத்தியாயத்தில் வெள்ளத்தின் மேல் மிதக்கும் நுரையை இறைவன் உவமையாகக் கூறுகிறான். நுரை பயனின்றிப் போய்விடுகிறது, மனிதர்க்குப் பயன் தருவது பூமியில் தங்கிவிடுகிறது என்பது அதன் கருத்து. எவ்வளவு நேர்த்தியாக நுரைத்தாலும் கோப்பையில் அது நிற்பது சில நிமிடங்களே. அக்கோப்பையை யாருக்கு, எந்த முகத்தோடு நீட்டினோம் என்பது நம் ஏட்டில் நிலைத்திருக்கும்.

நமக்கு அளித்த பாலில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! அதைப் பகிர்ந்து அருந்தும் நற்குணத்தை நமக்கும் நம் சந்ததியினருக்கும் வழங்குவானாக! ஆமீன்.